சீட்டில் எழுதாத மூன்று வரி

விவிலிய வகுப்பு எடுப்பவனுக்கு வாசிக்காதவர்களால் தொல்லையே கிடையாது. வாசிக்கிறவர்களால்தான், அதுவும் ஒற்றை வரியை மட்டும் வாசிக்கிறவர்களால். நாலு பேருக்கு முன்னால் வேதத்தைத் திறந்து மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா?

புதையல் இருந்த காணி

வத்தேகம ஊரில் நான் எடுக்கும் வகுப்புக்கு ஒரு காணித் தரகர் வருவார். அன்று புதையல் உவமை. நிலத்தில் புதையலைக் கண்டவன் அதை மறைத்துவிட்டு, இருப்பதையெல்லாம் விற்று அந்த நிலத்தையே வாங்குகிறான். தரகர் முகம் சுருங்கியது. நிலத்துச் சொந்தக்காரனிடம் சொல்லாமலா?

இது நடந்த சங்கதியில்லை, விண்ணரசு எவ்வளவு பெறுமதி என்று காட்ட வந்த கதை என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

"கதைன்னாலும் காணி உறுதிப் பத்திரத்த ஒழுங்கா எழுதியிருக்கணும், மாஸ்டர்."

புத்தாண்டுச் சீட்டு

புத்தாண்டுப் பூசை முடிந்ததும் வசனச் சீட்டுகளைத் தட்டில் வைப்போம். எடுக்கிறவருக்கு அந்த வருஷம் முழுக்க அதுதான் ஆறுதல். எழுதுவது என் வேலை. தொடக்கம் சிறியதானாலும் முடிவு பெரிதாகும் என்ற யோபு புத்தக வரியை வருஷம் தவறாமல் எழுதுவேன்.

இந்த முறை அதை எடுத்தவர் பன்விலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வமேரி அக்கா. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவருடைய மகன் காய்ச்சலில் இறந்திருந்தான். சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"ஆண்டவரு என்னைய மறக்கல மாஸ்டர். வீட்டுக்குப் போயி முழுசா வாசிக்கப் போறேன்."

கூட்டாளியின் பேச்சு

அடுத்த ஞாயிறு அக்கா பூசைக்கு வரவில்லை. தோட்டத்து லயத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பைபிளைத் திறந்து, என் வசனத்துக்கு மூன்று வரி மேலே விரலை வைத்தார். உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் அந்தத் தண்டனை என்கிற மாதிரி இருந்தது. "எம்புள்ள என்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது மேலே பார்த்திருப்பேனா?

அந்தப் புத்தகம் பெரிய வாக்குவாதம் என்றேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவிடம் துக்கம் கேட்க வந்த கூட்டாளி ஒருவன்தான் அப்படிப் பேசுகிறான், கடவுள் பேசவில்லை. யார் பேச்சென்று பார்க்காமல் எழுதியது என் பிழை, மன்னித்துவிடுங்கள் என்றேன். கடைசி அதிகாரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். என்னைப்பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் அந்தக் கூட்டாளிகளைக் கோபிக்கும் இடம். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தார். அழுதார், நானும்தான்.

"எழவு வீட்டுக்கு வந்து இப்புடிப் பேசுனவங்க எங்க லயத்துலயும் இருக்காங்க. கடவுளே ஏசிட்டாருல்ல, அது போதும் மாஸ்டர்."

வகுப்புக்கு மாஸ்டர் நான்தான், ஆனால் அதிகாரத்தை முழுசாக வாசித்தவர் அவர்தான்.