குழாய் வக்கீல்

கூட்டம் முழுவதும் மாளிகையின் முகப்பைப் பார்த்துக் கைப்பேசியைத் தூக்கும்போது, இவர் மட்டும் பின்பக்கம் முழங்காலிட்டு மழைநீர்க் குழாயின் அடிவாயைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். அடுத்து விரலால் சுவரைச் சுரண்டி முகர்ந்து பார்ப்பார். ஓதம் ஏறியிருந்தால் "ம்ஹூம்" என்பார். காய்ந்திருந்தால் சுவரை ஒரு தட்டுத் தட்டிக்கொடுப்பார்.

வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வீட்டுக் குழாய்களோடு மல்லுக்கட்டும் பிளம்பர் இவர். ஏழாம் நாள் பழைய மாளிகைகளையும் அவற்றின் தோட்டங்களையும் பார்க்கக் கிளம்பிவிடுவார். நுழைவுச்சீட்டு வாங்கக் கொஞ்சமும் யோசிக்கமாட்டார். ஆனால் பிரபு படுத்த கட்டிலைக் காட்டினால், "தலைமாட்டுச் சுவர்ல கசிவு பாருங்க, மனுஷன் எப்படித்தான் தூங்கினாரோ!" என்று பிரபுவுக்காக வருத்தப்படுவார். தோட்டத்தில் நீரூற்றைக் கண்டால் ரோஜாப் புதருக்குள் தலையை விட்டு வால்வைத் தேடுவார்.

"ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிய நிக்கவச்சு போட்டோ எடுப்பாங்க. எங்க வீட்டுக்காரர் என்னைய நகரச் சொல்லிட்டுக் குழாய எடுப்பாரு" என்பார் மனைவி. குழாய் வக்கீல் என்ற பட்டம் அந்த அம்மாள் கொடுத்ததுதான். இவருக்கு அதில் ஏகப் பெருமை. "அதுக்கு வாயா இருக்கு? நான்தான பேசணும்?" என்பார்.

இவருடைய ஒரு பழக்கத்தை மெச்சத்தான் வேண்டும். சந்தேகப்பட்ட இடத்தை எப்போதும் ஒரே இடத்தில் நின்றுதான் எடுப்பார். ஏரிக்கரை மாளிகையின் பெரிய கூடத்தில் அந்த இடம், கதவிலிருந்து மூன்றாவது கறுப்புத் தரைக்கல். அங்கே நின்று, கூரையில் தீட்டிய மயிலை இரண்டு வருடத்தில் நான்கு முறை எடுத்திருக்கிறார்.

நான்காம் முறை போன அன்று கூடம் நிறைய நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாலையில் கச்சேரி. படத்தை எடுத்த கையோடு இவர் நேரே மாளிகைப் பொறுப்பாளர் அம்மாவிடம் போனார்.

"மேடம், அந்த மயிலுக்குக் கீழ யாரையும் உக்காரவைக்காதீங்க. மேல தண்ணி போற வழி அடைச்சிருக்கு. காரை தண்ணியக் குடிச்சுக் கனத்துப்போச்சு. விழுந்தா நேரா தலையிலதான்."

"அடுத்த மாசம் இன்ஜினியர் வராரு சார். அவரு பாத்துப்பாரு."

"அதுவரைக்கும் மழை காத்துக்கிட்டிருக்குமா?"

அந்த அம்மா வாசலைக் காட்டாத குறைதான். இவர் அசரவில்லை. நான்கு படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். முதல் படத்தில் கறை தோகை நுனியைத்தான் தொட்டிருந்தது. இரண்டாவதில் பாதித் தோகை போயிருந்தது. மூன்றாவதில் தோகையே இல்லை. அன்று எடுத்ததில் மிச்சமிருந்தது ஒரு கண்ணும் அலகும். பொறுப்பாளர் அம்மா அண்ணாந்து பார்த்தார். பிறகு மயிலுக்குக் கீழே இருந்த நாற்காலிகளைத் தானே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மொட்டைமாடிச் சாவியை எடுத்துவந்தார்.

மாடியில் முந்தின நாள் மழை கணுக்கால் அளவு நின்றது. இவர் வடிகாலுக்குள் கையை விட்டார். முழங்கை வரை போயும் ஒன்றும் அகப்படவில்லை. எட்டாத ஆழத்தில் அடைத்திருந்தால் குழாயை உடைக்க வேண்டும். கூரை அதுவரை தாங்காது. தண்ணீரிலேயே குப்புறப் படுத்து, தோள்வரை கையை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பறவைக் கூடும் இலைச்சேறுமாக ஒரு கறுப்புப் பொதி வெளியே வந்து விழுந்தது.

கீழே தோட்டத்தில் குழாயின் அடிவாயருகே நின்றிருந்த மனைவி கத்தினார்: "வருதுங்க! கொட்டோ கொட்டுன்னு கொட்டுது!"

பொறுப்பாளர் அம்மா நன்றி சொல்ல வாயெடுத்தார். இவர் சேறு படிந்த விரலை உதட்டில் வைத்து அவரை நிறுத்திவிட்டு, களகளவென்று பேசத் தொடங்கிய வடிகாலோரம் காதைச் சாய்த்துக்கொண்டார்.