லாபிர் நானா தலையாட்டிய நாள்

ஒரு சொல்லின் பூர்வீகத்தை விசாரிக்காமல் தாளில் உட்காரவைக்க லாபிருக்குத் தெரியாது. கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடமாக மொழிபெயர்ப்பு வேலை. ஆங்கிலம் படித்தது பிறப்புச் சான்றிதழ்களிலும் காணி உறுதிப் பத்திரங்களிலும். மீதியை அகராதி சொல்லிக்கொடுத்தது.

அன்று காலை பத்து மணிக்கு நிரஞ்சனி மூச்சிரைக்க வந்தாள். தெல்தோட்டைக்காரி, முப்பத்துநான்கு வயது, நகரத்துக் கம்பனி ஒன்றில் கிளார்க். டெங்குக் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு வாரம் ‘இளைப்பாற’ லீவு கேட்டுத் தமிழில் எழுதியிருந்தாள். அதை ஆங்கிலமாக்கிய டைப்பிங் கடைக்காரர், பென்ஷன் வாங்கிப் போனவரைத்தானே இளைப்பாறியவர் என்பார்கள் என்று ‘ரிட்டயர்’ என அடித்துவிட்டார். காய்ச்சல் தலையோடு அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"நானா, பன்னெண்டு மணிக்கு மேனேஜர் அதக் கொழும்பு ஹெட் ஆபீசுக்கு அனுப்பிருவாரு. வேல போயிரும். வித்ட்ரோ பண்றேன்னு ரெண்டு வரி எழுதுங்க."

"பொறுங்க தங்கச்சி. ரிட்டயர் பிரெஞ்சுக்காரன்ட சொல்லு. பின்னுக்கு இழுக்கிறது. பட்டாளம் பின்வாங்கினத்துக்குச் சொன்னது. வித்ட்ரோவும் இழுக்கிறதுதான். அதில இரிக்கிற ‘வித்’துக்குக் ‘கூட’ண்டு அர்த்தமில்ல, ‘அப்பால’..."

"அப்போ பின்னாடி இழுத்தத மறுபடி பின்னாடி இழுக்கிறேனா?"

"அதுதான் பிரச்சின!" லாபிர் பூரித்துப்போனார். "படுக்கப் போறதுக்கும் ரிட்டயர்தான். ஒங்கட கடிதத்தில பிழையில்ல. கொஞ்சம் பழசு."

கடிதம் முடியப் பதினொன்றரை. தமிழ்க் கடிதத்துக்குச் சாட்சியாக அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள், ஒரே நிபந்தனையோடு. "வாயத் தொறக்கக் கூடாது நானா."

மேனேஜர் திவாகரன் பழைய ரிட்டயர் கடிதத்தையும் புதியதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இத அப்பவே சொல்லியிருக்கலாமே. டயர்ட்னா களைப்பு. ரீ-டயர்ட்னா திரும்பத் திரும்பக் களைப்பு. அதுலேர்ந்துதான் இந்தச் சொல்லே வந்துச்சு. டைப்பிங்காரன் சரியாத்தான் போட்டிருக்கான்!" லாபிர் பக்கம் திரும்பினார். "சரிதானேங்க?"

லாபிர் வாயைத் திறந்தார். நிரஞ்சனி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தலையாட்டினார்.

திவாகரன் பழைய கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். லீவுக்கும் கையெழுத்தாயிற்று.

பஸ் தரிப்பிடம் வரை லாபிர் இரண்டடி முன்னாலேயே நடந்தார்.

"கோவமா நானா?"

"அந்த மனிசனுக்கு ஒரு கடிதம் எழுதுவன். மூணு பக்கம்."

"ஐயோ, எப்ப?"

"நீங்க ரிட்டயர் ஆன மறுநாள்."