சூசை அண்ணாச்சி திருப்பிய வள்ளம்

டாக்டர் எழுதிக் கொடுத்த மீனெண்ணெய் மாத்திரை ஒன்று நேற்று விரலுக்குள் நசுங்கிவிட்டது. மூன்று தரம் சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. கடலில் விடும் வள்ளத்துப் பலகையில் பூசுவார்களே, அதே வாடை. பல்லைக் கடித்துக்கொண்டே கை கழுவினேன். இத்தனை வருஷம் ஆகியும் என் பழைய மானேஜர் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். நாசரேத்துப் பெண், டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணிய மண்டைக்கனமும் கொஞ்சம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மானேஜருக்குக் குடும்பத்தோடு கடலில் உல்லாசமாகப் போக ஆசை வந்தது. அவர் மனைவிக்குத் துணையாக என்னையும் கூப்பிட்டார். கோயில் ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வள்ளம் திரேஸ்புரம் சூசை அண்ணாச்சியுடையது. தள்ளி நிற்கும் கப்பல்களுக்கு எங்கள் ஆட்களைக் கொண்டுவிடுகிறவர். எங்கள் ஆபீஸ் வேலைதான் அவருக்குச் சோறு. பாய் லேசாக உப்ப, முயல் தீவைச் சுற்றிக்கொண்டு கரையோரமாகவே போனோம். அடியில் பவளப்பாறை கண்ணாடிக்குள் வைத்தது மாதிரி தெரிந்தது. பொய் சொல்லக்கூடாது, மத்தியானம் வரை அப்படியொரு சுகமான நாள் எனக்கு வாய்த்ததேயில்லை. சாப்பிட்டுக் கண் செருகும் நேரம், அண்ணாச்சி எழுந்து நின்று வெளிக்கடலைப் பார்த்தார்.

"ஒருத்தன் துண்ட ஆட்டுதான் சார். வள்ளம் கவுந்து கெடக்கு."

"சும்மா கை காட்டுதான். நாலு மணிக்கு நான் கிளப்புல இருக்கணும். நேரா விடுலே."

"கோவிச்சிக்கிடாதீங்க சார்." அவ்வளவுதான். சுக்கானைத் திருப்பிவிட்டார். மானேஜர் கத்திய கத்தல் எல்லாம் காற்றோடு போயிற்று.

அண்ணன் தம்பி இரண்டு பேர். நினைவு தப்பிய தம்பியை வேட்டியால் தன்னோடு கட்டி வைத்திருந்தான் அண்ணன். இருவரையும் தூக்கிப் போட்டபோது, ஈரம் பட்டுவிடாமல் மானேஜர் பூட்ஸ் காலை மேலே தூக்கிக்கொண்டார். நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை எனக்கு டிக்டேஷன். பயணிகள் உயிருக்கு ஆபத்து விளைவித்ததால் இனி அந்த வள்ளம் வேண்டாம் என்று கடிதம். அடித்தேன். அவர் விட்ட இலக்கணப் பிழையைக்கூடத் திருத்தி அடித்தேன், பாவி.

அண்ணாச்சி கடிதத்தை என்னிடமே கொண்டுவந்தார். "என்ன போட்டுருக்கு, யம்மா?" வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"உயிருக்கு ஆபத்தா! யாரு உயிருக்கு?" பிறகு மெதுவாக, "நீயும் அங்கனதான இருந்த?"

மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் படியிறங்கும்வரை.

அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மானேஜர் கண்ணீர் அஞ்சலிப் படங்களில் மாலையோடு சிரித்துவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி வள்ளத்தை விற்றுவிட்டுப் பெரியதாழையில் இருக்கும் மகள் வீட்டோடு போனவர்தான். பிறகு தகவல் இல்லை. பாய் கட்டிய வள்ளமும் கண்ணில் படுவதில்லை. அப்படி ஒரு கடிதத்தை இன்றைக்கு எவன் சொன்னாலும் அடிக்க மாட்டேன் என்று பேரப்பிள்ளைகளிடம் வீராப்பு பேசுகிறேன். இப்போது என்னிடம் யாரும் எதையும் அடிக்கச் சொல்வதில்லை.