ஐப்பசியில் கடலுக்குப் போனோம்

எங்கள் மூவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடல். விடிவதற்குள் பெரம்பலூரில் கிளம்பி, ஜெயங்கொண்டத்தில் டீ குடித்து, பரங்கிப்பேட்டையில் வாடகைக்குப் படகு எடுத்துக் கொடுவா மீன் பிடிக்க வேண்டும். திட்டம் அதுதான். பாதி ஞாயிறுகளில் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறோம். எல்லாம் எங்கள் புத்திசாலித்தனம். மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்ப்போம். இங்கே வெயில் அடித்தால் கடலிலும் வெயில் என்று முடிவு கட்டிவிடுவோம். அங்கே போனால் மழை கொட்டும், படகுக்காரர் கையை விரிப்பார்.

எங்களில் கார் வைத்திருப்பவன் வாய்க்கு வந்தபடி மழையைத் திட்டுவான். மற்றவன் அதற்கு விடவே மாட்டான். அவன் கரிசல் காட்டில் மக்காச்சோளம் போடுபவன். கிணறு கிடையாது, மழை பெய்தால்தான் சோறு.

"மழையத் திட்டாதடா. திட்டுறவன் எறங்கி பஸ்ல வரட்டும்" என்பான். ஒருமுறை காரின் சொந்தக்காரனையே இறக்கிவிடப் பார்த்தான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

போன ஆவணியில் விதைப்பு முடிந்த கையோடு அவனுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று அவனே எங்களிடம் சொன்னான். ஐப்பசியில் எனக்குப் போன் செய்தான்.

"ஒருக்கா கடலுக்குப் போயிட்டு வந்துருவோம்டா."

"ஐப்பசியில எவன்டா படகு எடுப்பான்? தை பொறக்கட்டும்."

"அதுவரைக்கும் உக்கார முடியுமான்னு தெரியலடா."

உடனே கார்க்காரனைக் கூப்பிட்டேன். அந்த ஞாயிறு பெரம்பலூரில் வானம் பளிச்சென்று இருந்தது. வழக்கம்போல நம்பிக் கிளம்பினோம். சிதம்பரம் தாண்டியதும் தூறல். பரங்கிப்பேட்டையில் எதிரே இருப்பவர் முகம் தெரியாத மழை.

படகுக்காரர் குடையோடு காருக்கு வந்தார். "காத்து பலமா இருக்குங்க. யாரும் எறங்கல. அடுத்த வாரம் வாங்க" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு அவன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியே கடல் இருந்த பக்கத்தையே பார்த்தான்.

"நாசமாப் போற மழை" என்றான். "இன்னிக்கு ஒருநாள் விட்டிருந்தா என்ன?"

"திட்டாதடா" என்றான் கார்க்காரன். அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. வண்டியைத் திருப்பினோம்.

வரும் வழியில் தன் காட்டில் நிறுத்தச் சொன்னான். அங்கேயும் நல்ல மழை. நனையக் கூடாது என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கினான். சோளம் தலைக்கு மேல் வளர்ந்து பூ விட்டிருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்ப, வரப்பில் நின்று ஒரு தட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"இவ்வளவையும் எம் பொண்டாட்டி ஒத்தையில எப்படிடா ஒடிப்பா?" என்று கேட்டான்.

கார்த்திகையில் போய்விட்டான். தையில் அவன் மனைவியோடும் கூலி ஆட்களோடும் நாங்கள் இருவரும் நின்று கதிர் ஒடித்தோம். நல்ல விளைச்சல். ஐப்பசியில் அன்றைக்குப் பெய்த மழைதான் காப்பாற்றியது என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னபோது, தனியாகப் போய் அழுதேன்.