சுவரோடை ஒதுங்கிப் போற இடம்

ஆக்களைப் பயப்பிடுத்திறதுதான் என்ரை வேலை. கேம் கொம்பனி ஒண்டிலை லெவல் டிசைனர். எங்கை லைட் மினுங்கோணும், எந்தக் கதவு கிறீச்சிடோணும், எந்த மூலையிலை விளையாடுற ஆளுக்கு நெஞ்சு பக்கெண்டோணும், எல்லாம் நான் வைக்கிறதுதான். அப்பிடியான எனக்குப் பேயிலை என்ன நம்பிக்கை வரும், சொல்லுங்கோ? துளியும் இருந்ததில்லை. நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு தெரியும், சிரியுங்கோ, ஆனா முழுக்கக் கேட்டிட்டுச் சிரியுங்கோ.

போன வருசம் என்ரை கொன்ராக்ட் முடியிற நேரம். கையிலை இருந்த லெவல் நல்லா வந்தால்தான் நீடிப்பம் எண்டு மனேஜர் சொல்லிப்போட்டான். மனிசி துஷி வேறை பிள்ளைத்தாச்சி. எனக்கு நித்திரை இல்லை. யோசிச்சுப்போட்டு, வோபர்ன் ஏரியாவிலை நாங்கள் இருக்கிற பில்டிங்கின்ரை பேஸ்மென்ட்டையே கேமுக்குள்ளை கட்டினன். உடுப்புத் தோய்க்கிற லோன்றி ரூமுக்குப் போற நீட்டுக் கொரிடோர், பச்சைப் பெயின்ட், மேலை குழாயள், பட்டப்பகலிலையே ஒரு மாதிரித்தான் இருக்கும். படமெடுத்து, அளந்து, அச்சொட்டா அப்பிடியே.

ஆக்களைக் கூப்பிட்டு விளையாட விடுவம். யார் எதாலை நடந்தவை எண்டு பிறகு கொம்பியூட்டர் கோடு கோடாக் காட்டும். பாத்தால், வந்த அத்தினை பேரும் கொரிடோரிலை ஒரே இடத்திலை சுவரோடை ஒதுங்கிப் போயிருக்கினம். அதிலை ஒண்டுமே இல்லை, வெறுந்தரை. ஏன் ஒதுங்கினனீங்கள் எண்டு கேட்டால், "அப்பிடியோ போனனாங்கள்?" எண்டு என்னையே திருப்பிக் கேக்கினம்.

எனக்குத் தர்ஷனிலைதான் சந்தேகம். எங்கடை டீமிலை லைட் வைக்கிற, பக்கத்து ஏரியா மல்வேர்ன் பெடியன், பகிடி விடாட்டில் அவனுக்குச் சோறு செமிக்காது.

"டேய், என்ரை கொரிடோருக்குள்ளை என்னத்தை ஒளிச்சு வைச்சனி?"

"ப்ரோ, ஐ ஸ்வெயர், நான் லைட் மட்டும்தான் போட்டன்."

நம்பேல்லை. அவன் போட்ட லைட் முழுக்கக் கழட்டிப்போட்டுத் திரும்ப ஆக்களை விளையாட விட்டன். அதே இடம், அதே ஒதுங்கல். அதுக்குப் பிறகும் கன நாளா அவனை ஒரு கண்ணாலை பாத்துக்கொண்டுதான் திரிஞ்சனான், பாவம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டிலை இருந்து நானே விளையாடிப் பாக்கிறன். மடிச்ச உடுப்போடை பின்னாலை வந்த துஷி, "ஐயோ, இஞ்சருங்கோ! ஆள் படுத்திருக்கத் தாண்டிப் போறீங்களே!" எண்டு கத்தினா.

"எந்த ஆள்? உமக்கென்ன விசரோ?"

கிட்ட வந்து பாத்தா. "இல்லை என்ன... யாரோ குறுக்காலை படுத்திருக்கிற மாதிரிக் கிடந்தது. எதுக்கும் திருப்பித் தாண்டி விடுங்கோவன்."

சின்னனிலை எல்லாரும் செய்தது தானே, படுத்திருக்கிற ஆளைத் தெரியாமல் தாண்டினால் திருப்பித் தாண்டுறது. ஆனா நம்பினா நம்புங்கோ, எனக்கு அப்பதான் பயம் பிடிச்சது. ஏனெண்டால் திரும்பி வரேலாது. கொரிடோரைக் கடந்த உடனை பின்னாலை கதவு பூட்டும், நான்தான் அப்பிடி வைச்சனான். டெஸ்ட் பண்ணேக்கை நாங்கள் திரும்பி நடக்கிறேல்லை, பட்டனை அமத்தித் தொடக்கத்துக்குப் போறதுதான். மாசக்கணக்கா நான் முன்னுக்கு மட்டுமே நடந்திருக்கிறன், எத்தினை தரமெண்டு கணக்கில்லை. எல்லாரும் ஒதுங்கின இடத்திலை நடுவாலை போனது நான் ஒருத்தன்தான்.

அந்தக் கிழமை லோன்றிக்குப் போகேக்கை கவனிச்சன். உண்மையான கொரிடோரிலையும் சனம் அதே இடத்திலை ஒதுங்கித்தான் போகுது. துஷியும் தான், அவவுக்கே அது தெரியாது.

லெவல் அப்ப பூட்டியாச்சு, மனேஜரைக் கேளாமல் ஒண்டும் மாத்தேலாது. கதவைத் திறந்து விடுவமோ எண்டு கேட்டன். "தொடாதை, ஆக்கள் பயப்பிடுறதே அந்த இடத்திலைதான்" எண்டான். பிள்ளையை நினைச்சன், வாயை மூடிக்கொண்டு வந்திட்டன். கேம் வெளியிலை வந்தது, கொன்ராக்ட் நீண்டது, மகள் பிறந்தாள்.

இப்ப பேஸ்மென்ட்டிலை ஒருத்தரும் ஒதுங்கிறேல்லை. துஷி கூடையோடை நடுவாலை விறுவிறெண்டு போறா. மேலை எங்கடை வீட்டுக்குள்ளைதான், குசினியிலை இருந்து படுக்கையறைக்குப் போற அந்தச் சின்ன நடையிலை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரோடை ஒதுங்கிப் போறா. ஏனெண்டு நான் இன்னும் கேக்கேல்லை. நான் அதாலை போனால், மறக்காமல் நடுவாலை திரும்பி வருவன்.