மதினி பேர் வைத்த கேசட்டுகள்

மதினி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டியில், மடித்த சேலைகளுக்கு நடுவே, ஒரு பழைய துண்டில் சுற்றி ஐந்தாறு கேசட்டுகள் இருந்தன. துணிகளை எடுத்து பீரோவில் அடுக்க நான்தான் உதவிக்குப் போனேன். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மனைவியின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று பார்த்துவிடும் ஆசை எனக்கு. சாமிப் பாட்டாகவோ சினிமாப் பாட்டாகவோ இருக்கும் என்று ஒரு கேசட்டை எடுத்துப் பார்த்தேன். உறையில் படமும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை. ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அதில் 'கோவக்காரன்' என்று பேனாவால் எழுதியிருந்தது. இன்னொன்றில் 'மூணு பேரு'. வேறொன்றில் 'அழுவுறவன்'. "இவுகளாம் யாரு மதினி?" என்று கேட்டேன். "எனக்கும் தெரியாது புள்ள. பேரு தெரியல, அதான் நானா ஒன்னு வச்சுக்கிட்டேன்" என்றார்.

மதினியின் குடும்பத்துக்குப் பூர்வீகம் பாலவனத்தம் பக்கம். மழை பொய்த்த ஒரு காலத்தில் அவருடைய அப்பா பம்பாய்க்குப் பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மதினி பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கே, நம் ஊர்க்காரர்கள் நெருக்கிக்கொண்டு வாழும் ஒரு சந்தில். பத்தாவது முடித்ததும், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடும் இடத்தில் மெல்லிய பாட்டு எதுவும் காதில் விழாது. துணி வெட்டும் பையன்கள், கப்பலில் வேலை பார்த்த யாரிடமிருந்தோ வாங்கி, ஒருவர் மாற்றி ஒருவர் பதிவு செய்த அமெரிக்க ராப் கேசட்டுகளைப் பெரிய ஸ்பீக்கரில் போடுவார்களாம். மிஷின் சத்தத்தைத் தாண்டி வந்தது அது ஒன்றுதான். அதற்கு ஹிப்-ஹாப் என்று பெயர் உண்டு என்பதோ, அதைப் பாடிய கறுப்பினப் பையன்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதோ அவருக்குத் தெரியாது. வார்த்தைகளின் அர்த்தமும் தெரியாது. ஆனால் தைத்தபடியே கேட்டுக் கேட்டு, சத்தத்தைச் சத்தமாகவே மனப்பாடம் செய்துவைத்திருந்தார். கல்யாணத்துக்கு வேலையை விட்டபோது பட்டறைப் பையன்கள் அந்தக் கேசட்டுகளைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள்.

திருச்சுழியில் எங்களுடையது விதைக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, பக்கவாட்டில் தானியமும் மிளகாய் வற்றலும் அடுக்கிய கிட்டங்கி. மதினி முதன்முதலாக 'கோவக்காரன்' கேசட்டைப் போட்ட பகல் பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி ஒரு தாளம் கிளம்பியது. அதற்கு மேல் ஒரு ஆள் மூச்சு விடாமல் கத்தினான். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுச் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்னப்பா சண்ட? யாரு அது, விலக்கி விடாம உக்காந்திருக்கீக?" என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. அப்பா கல்லாவில் இருந்தபடியே கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "எங்கயாவது மூச்சு வாங்குறானா பாரு. நம்ம ஊரு கமிஷன் கடையில பருத்தி ஏலம் விட இவன வச்சா அருமையா இருக்கும்" என்றார். அம்மாவுக்குத்தான் ஒப்பவில்லை. புது மருமகளிடம் நேரடியாகச் சொல்லாமல், "வெளக்கு வைக்கிற நேரத்துல மட்டும் வேண்டாம்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லியனுப்பினார். மதினி முகம் சுளிக்கவில்லை. டேப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கிட்டங்கியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கிட்டங்கிதான் எங்கள் இடமாயிற்று. பள்ளி விட்டு வந்ததும் நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். மிளகாய் வற்றலின் காம்பைக் கிள்ளியபடி மதினி வாயசைப்பார். காரம் ஏறி இரண்டு பேரும் தும்முவோம். தும்மி முடித்ததும், பாட்டு எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதோ சரியாக அந்த இடத்தில் அவர் மறுபடி பிடித்துக்கொள்வார். புது ஊர், புதுப் புருஷன், தண்ணீர் முதல் பேச்சு வரை எல்லாமே மாறிப்போன ஒரு வீடு. பம்பாய்ச் சத்தத்தில் வளர்ந்தவருக்கு எங்கள் ஊரின் மத்தியான அமைதி எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். ஒருநாள் அவரே சொன்னார்: "இங்க எல்லாரும் நல்லவுகதான் புள்ள. ஆனா சத்தமே இல்லாம இருந்தா, நம்மள எல்லாரும் மறந்துட்டாகளோன்னு தோணிருது." அண்ணன் அதிகம் பேசாதவர். நாடா சிக்கிக்கொண்டால் மட்டும் வந்து, பென்சிலை விட்டுச் சுற்றி நேராக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்.

'மூணு பேரு' கேசட்டில் ஒரு விசேஷம் உண்டு. பாட்டின் நடுவே, தாளம் சட்டென்று நின்று மறுபடி தொடங்கும் இடத்தில், "டேய், சோறு ஆறுதுடா, சாப்பிட வாடா" என்று ஒரு அம்மாவின் குரல் கேட்கும். வீட்டில் பாட்டை ஓடவிட்டு, மைக் வைத்துப் பதிவு செய்த எவனோ ஒரு பையனின் அம்மா. அமெரிக்காக்காரனின் பாட்டில் தமிழ் வருகிறதே என்று நான் முதல்முறை கேட்டபோது திகைத்துப்போனேன். மதினிக்கு அது பாட்டின் ஒரு வரி. அந்த இடம் வரும்போது அவரும் அதே ராகத்தில் சேர்ந்து கூப்பிடுவார்.

கல்லூரிக்கு நான் மதுரைக்குப் போனேன். அங்கே சிடி பதிவு செய்து கொடுக்கும் ஒரு கடையில், அதே பாட்டுகளை முகங்களோடும் பெயர்களோடும் கண்டுபிடித்தேன். அப்போது எனக்கு வந்த பைத்தியம் வேறு மாதிரியானது. யார் முதலில் பாடினான், யாரிடமிருந்து யார் எடுத்தான், எந்தத் தெருவிலிருந்து எந்தக் குழு வந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொள்வதில்தான் எனக்குச் சந்தோஷம். தெரியாதவர்களைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம்கூட. ஒரு தீபாவளிக்கு 'மூணு பேரு' சிடியை வாங்கிக்கொண்டு பெருமையாக ஊருக்கு வந்தேன். மதினி பொறுமையாகக் கேட்டார். சத்தம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. தாளம் நின்று தொடங்கும் இடம் வந்தது, போனது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "ஆனா இவன யாரும் சாப்பிடக் கூப்பிடலையே" என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. அசல் எது நகல் எது என்று அவருக்கு விளக்க முயன்றேன். அவர் என் தட்டில் இன்னொரு அதிரசத்தை வைத்தார்.

காலம் ஓடியது. எனக்கு விருதுநகரில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். டேப் பழுதாகி, கேசட்டுகளில் பூஞ்சை பிடித்து, ஒரு பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது எல்லாம் போயிற்று. மதினி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பாட்டு அவர் வாயில்தான் இருந்தது. அண்ணனுக்கு ஒரே மகள். அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வருகிறாள். காதில் எந்நேரமும் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். போன வருஷம் நான் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் மதினி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அவள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா, ஒன்னு போடுறேன் கேளு. ரொம்பப் பழசு. எல்லாரும் இப்பத்தான் கண்டுபிடிச்சு ரீல்ஸ் போடுறாக. ஒனக்குப் பிடிக்காது, இருந்தாலும் கேளு."

தாளம் தொடங்கியது. மதினி தலையை நிமிர்த்தவில்லை. முறம் மட்டும் தாளத்துக்கு ஏறி இறங்கத் தொடங்கியது. பிறகு வாய் திறந்தார். போனில் பாடியவனை முந்தாமல், பிந்தாமல், முழுப் பத்தியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தாளம் நின்ற இடத்தில், "டேய், சோறு ஆறுதுடா, சாப்பிட வாடா" என்று கூப்பிட்டார். அண்ணன் மகள், என் மருமகள், நின்ற கோலத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். "அத்தை, எங்கம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள், அம்மா அங்கே இல்லாததைப்போல. இருபது வயது வரை அவளுக்கு யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரு விஷயமாக மதினிக்கே தோன்றவில்லை.

அதன் பிறகு சில நாட்கள் அம்மாவும் மகளும் ஒரு ஹெட்செட்டை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அலைந்ததாக அண்ணன் போனில் சொன்னார். அடுத்த முறை நான் போனபோது வீடு அமைதியாக இருந்தது. மருமகள்தான் சொன்னாள். அவள் தலைமுறை பாட்டைக் கேட்பதோடு விடுவதில்லை. வரிக்கு வரி என்ன அர்த்தம், எந்தச் சொல் யாரைக் குத்துகிறது என்று படித்துப் பார்க்கிறார்கள். மதினிக்கு மிகப் பிடித்த ஒரு பாட்டை அப்படிப் படித்திருக்கிறாள். "அதுல பூராவும் பொம்பளைகளத்தான் அத்தை கேவலமாத் திட்டுறான். வாய்ல சொல்ல முடியாது. அத இவுக சாமி கும்பிடுற மாதிரி பாடிக்கிட்டு இருக்காக. நான் சொல்லிட்டேன்." மதினி அன்றிலிருந்து எதையும் பாடவில்லையாம். எனக்குக் கோபம் வந்தது. "எத்தன வருஷமாப் பாடுறாக. தெரியாமயே இருந்துட்டுப் போனா என்ன?" என்று கேட்டேன். அவள் கண் கலங்கினாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அம்மாவ ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா திட்டுறான், அவுகளுக்கு மொழி தெரியல. பக்கத்துல நிக்கிற நான் சொல்லாம இருக்கணுமா?" என்றாள். அந்த வசவுகள் எனக்கு முன்பே தெரியும். பெயர்களைச் சேர்க்கிற ஆர்வத்தில், அதெல்லாம் அப்படித்தான் என்று கடந்துபோயிருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மதினி மகளைக் கூப்பிட்டார். "ஒரு பாட்ட மட்டும் சொல்லிட்டு விட்டா எப்படி? மிச்சத்தையும் சொல்லு. தெரிஞ்சுக்கிட்டே முடிவு பண்ணுறேன்." கிட்டங்கியில் சாக்கை விரித்து மூவரும் உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு பாட்டாகப் போட்டு அர்த்தம் சொன்னாள். பஞ்சாயத்தில் வழக்குக் கேட்பவரைப்போல மதினி கேட்டார். 'கோவக்காரன்' பாடியது, போலீஸ் தன் தெருப் பையன்களைக் காரணமில்லாமல் அடித்து இழுத்துப்போவதைப் பற்றி. "அது எனக்குத் தெரியும்" என்றார் மதினி உடனே. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "எங்க சந்துலயும் அப்படித்தான் வருவாக. அந்தப் பயலுக கத்துறதும் இதே மாதிரித்தான் இருக்கும்" என்றார். 'அழுவுறவன்' அழவே இல்லை. ஊரிலேயே தன்னைப்போலப் பாட ஆள் கிடையாது என்று பாட்டு முழுக்க ஜம்பம் அடித்துக்கொண்டிருந்தான். "அடப்பாவி, ஒனக்காக நான் எத்தன நாள் வருத்தப்பட்டிருக்கேன்" என்று மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் அந்தப் பொல்லாத பாட்டு வந்தது. ஒரு வரிகூட மறைக்காமல் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும் சாக்கில் கிடந்த ஒரு வற்றலின் காம்பைக் கிள்ளிப் போட்டார். பிறகு, "பேச்சு அவனோடயே போகட்டும். தாளம் என்னா பாவம் செஞ்சுச்சு? அத நான் விடமாட்டேன்" என்றார்.

அப்படிச் சொன்னவர் சும்மா இருக்கவில்லை. தாளத்தை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொல்லி, அதற்கு மேல் தன் சொந்தப் பேச்சை ஏற்றத் தொடங்கினார். கடைக்கு வரும் விதைகள், வராத மழை, லோடு இறக்க வராத வண்டி, போன் போட்டால் எடுக்காத புருஷன் வீட்டுச் சொந்தங்கள், எல்லாம் அதில் வந்தன. "பழைய தாளத்த எடுத்துப் புதுப் பேச்சப் போடுறதுதான் அத்தை ஹிப்-ஹாப்பே. அவுகளும் அப்படித்தான் ஆரம்பிச்சாக" என்று மருமகள் எனக்கு விளக்கினாள். எனக்குத் தெரியாததா அது? இருந்தாலும் அவள் சொல்லக் கேட்பது நன்றாக இருந்தது.

இந்த ஐப்பசியில் முதல் மழை பெய்த வாரம் நான் ஊரில் இருந்தேன். கரிசல் நனைந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விதை வேண்டும். அண்ணன் லோடு எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். கல்லாவில் மதினி. மேசைமேல் மகளின் போன், அதில் அந்தத் தாளம். குதிரைவாலி, கம்பு, உளுந்து, பருத்தி என்று எடை போட்டபடியே தாளத்துக்குச் சொல்லி அடுக்கிக்கொண்டு போனவர், நல்ல வேகத்தில் இருந்தபோது வயலிலிருந்து நேராக ஒரு சம்சாரி வந்து வாசலில் நின்றார். கால் நிறைய ஈர மண்.

"தாயி, பருத்தி வெத ரெண்டு பாக்கெட்டு குடு. ஈரம் காயுறதுக்குள்ள போடணும்."

"இருங்கண்ணே, இந்தா முடிஞ்சிருச்சு. நடுவுல விட்டா நல்லா இருக்காது" என்றார் மதினி, தாளம் தப்பாமல்.

வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முடியும்வரை நின்று கேட்டார்.