சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி

வியட்நாமில், சைகோன் நகரத்துத் துணிக்கடை ஒன்றில் நான் வேலை பார்த்த கடைசி வருஷம், கடைக்கு மேல்மாடியில் காரைக்கால் பாய் ஒருவர் குடியிருந்தார். குட்டையான உருவம், சலவைச் சட்டை, அதன்மேல் எப்போதும் பூனைமுடி. சண்டை நெருங்க நெருங்க, ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் தங்கள் பூனைகளை அவர் வாசலில் விட்டுப் போனார்கள். பாய் ஒன்றையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவரும் கிளம்பத்தான் இருந்தார். கப்பலுக்கு மரப்பெட்டிகூட அடித்தாயிற்று. பச்சை வெல்வெட் சோபாவை விற்றுவிட்டால் புறப்பட்டுவிடலாம் என்பார். பூனைகளோ அதை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தன.

"அதட்டி வைக்கக் கூடாதா பாய்?" என்றேன்.

"அதட்டுனா நாம இல்லாதப்ப கீறும் தம்பி. தூங்கி எந்திரிச்சதும் அதுக்கு எதையாச்சும் பிறாண்டணும். சோபாவைவிட நல்லதா ஒண்ணைப் பக்கத்துல வச்சுட்டாப் போதும்."

அவர் கைக்கு அகப்பட்டது அந்த மரப்பெட்டிதான். அதன்மேல் கோணிச்சாக்கை இழுத்து ஆணியடித்து, சோபாவை ஒட்டி வைத்தார். சில நாட்களில் பூனைகள் சோபாவை மறந்தே போயின.

நான் விடைபெறப் போனபோது சோபா விற்றுப் போயிருந்தது. வெறும் அறையில் பெட்டியும், அதைச் சுற்றிப் பூனைகளும்.

"உங்களுக்கு எப்பக் கப்பல் பாய்?"

"பெட்டி அதுங்களோடதாப் போச்சே தம்பி. நமக்கு வேற ஒண்ணு அடிக்கணும்."

எதிர்ச்சாரியிலேயே தச்சுப்பட்டறை இருந்தது. ஊரே பெட்டி அடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், பாய் மட்டும் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை.